என் அண்ணன் கேட் கீப்பர் இல்லை

என் அண்ணன் கால்பந்து கோல் கீப்பர். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். இந்த ஒரு வரியை எங்கள் சங்கரன்கோவிலில் ஏதாவது ஓர் இடத்தில் பிழையில்லாமல் எழுத வைக்க நான் பதினாறு நாள் அலைந்தேன். நான் ஒன்பதாவதோடு நின்றவள், நைட்டி தைக்கிறேன். எனக்கே தெரிந்த வரி ஊருக்கு ஏன் ஏறவில்லை என்று இன்னும் புரியவில்லை.

அவனைக் கீப்பர் ஆக்கியது சீமைக்கருவேல முள். பள்ளிக்கூட மைதானத்தில் இரண்டு சவுக்குக் கம்பு நட்டு, மேலே ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். அதுதான் கோல். வலை கிடையாது. பின்னால் நாலு எட்டு வைத்தால் முள் காடு. பந்து உள்ளே போனால் நேராக முள்ளில் இறங்கும். பள்ளிக்கூடத்துக்கே ஒரு பந்துதான். விளையாட்டு சார் வரிசையைப் பார்த்துவிட்டு, அதில் உயரமாக நின்ற என் அண்ணனைக் கூப்பிட்டாராம்.

"ஏலே நெட்டக்காலா, கோல் போனா போகட்டும். பந்து பஞ்சர் ஆச்சு, ஒன் தோல உரிச்சு அடுத்த பந்து தச்சிருவேன், பாத்துக்கோ."

மற்ற கீப்பர்கள் தோற்றுவிடுவோமோ என்று பயந்து பந்தைப் பிடிப்பார்கள். இவன் பஞ்சருக்குப் பயந்து பிடித்தான். அவன் நின்ற மூன்று வருடமும் பந்து முள்ளுக்குப் போகவில்லை. அதைப் பாராட்டி பள்ளிக்கூடம் இரண்டாவது பந்து வாங்கவில்லை.

பிறகு ஒரு காலேஜ் அவனை விளையாட்டுக்காகச் சேர்த்துக்கொண்டது. படிப்பு அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பாதியில் விட்டுவிட்டு கேரளாவுக்குப் போனான். அங்கே அறுவடை முடிந்த வயல்களில் மூங்கில் கேலரி கட்டி, ஏழு பேர் ஆட்டம் நடத்துவார்கள். ஊரே திரண்டு வரும். ஆட்டத்துக்கு ஆட்டம் கூலி. நாங்கள் நைட்டிக்கு நைட்டி கூலி வாங்குவது போலத்தான், ஆனால் யாரும் எங்களைப் பார்த்துக் கைதட்டுவதில்லை.

அங்கேயிருந்து சென்னையில் ஒரு கிளப் அவனை எடுத்தது. எழுதிக் கையெழுத்து போட்டு, வருடச் சம்பளத்துக்கு. முதல்முறையாக அவன் தொழில்முறை ஆட்டக்காரன். அந்தச் சந்தோஷத்தில் அவன் அப்பாவுக்குப் போன் செய்தான். எல்லாக் கோளாறும் அங்கே ஆரம்பித்தது.

அப்பா விசைத்தறியில் வேலை. முப்பது வருடத் தறிச் சத்தம் அவர் காதுக்குள்ளேயே குடியிருக்கிறது. தறி ஷெட்டில் பன்னிரண்டு தறி ஓடும்போது போன் வந்தால் வெளியே வந்து பேச வேண்டும். அன்றைக்கு அப்பா வாசல் வரைதான் வந்தார். அப்போது பேசியதை இருவரும் பின்னால் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். இரண்டையும் சேர்த்தால் இப்படி வருகிறது.

"எப்பா, என்னைய எடுத்துட்டாவ! கோல் கீப்பரா எடுத்துட்டாவ!"

"எதா எடுத்தாவ?"

"கோல் கீப்பர்! கீப்பர்!"

"கேட் கீப்பரா? ரயில்வேயிலயா?"

"ஆமாப்பா, ரயில்லதான் வாரேன். காலைல வந்துருவேன்."

அப்பா போனை வைத்துவிட்டுத் தறியை நிறுத்தினார். அவர் தானாகத் தறியை நிறுத்தியதை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லையாம். நேராகக் கடைக்குப் போய் லட்டு வாங்கினார். ஷெட்டில் கொடுத்தார், தெருவில் கொடுத்தார், தன்னோடு பேச்சுவார்த்தை இல்லாத பெரியப்பா வீட்டிலும் கொடுத்தார். பெரியப்பா லட்டைத் தின்றுவிட்டு அன்றைக்கே பேச ஆரம்பித்துவிட்டார். மத்திய அரசு வேலைக்கு அவ்வளவு சக்தி உண்டு.

மறுநாள் காலை அண்ணன் பையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நுழைந்தபோது ஆளாளுக்குக் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஊருக்கு இத்தனை கால்பந்து பிரியமா என்று அவனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. வீட்டுக்குள் வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. உடனே திரும்பிப் போய் எல்லாரிடமும் சொல்லிவிடுகிறேன் என்றான்.

அப்பா தரையைப் பார்த்தபடி சொன்னார். "லட்டத் தின்னுட்டாவல்லா. இப்பம் போயி என்னன்னு சொல்ல? கொஞ்ச நாள் போட்டும்."

கொஞ்ச நாள் நாலு வருடமாக நீண்டது.

அந்த நாலு வருடமும் ரயில்வேயின் எல்லாக் குற்றத்துக்கும் என் அண்ணன் பொறுப்பானான். ரயில் பிந்தினால் எங்கள் வீட்டு வாசலில் வந்து கேட்பார்கள். அவன் லீவுக்கு வந்திருந்தபோது எதிர்வீட்டுப் பெரியம்மா வழியை மறித்துக்கொண்டாள். "எய்யா, ஒரு ரயிலுக்கு இம்புட்டு நேரமா கேட்ட அடைப்பிய? எனக்கு டவுன் பஸ்சு போயிருதுல்லா." அவன் பணிவாக, "சொல்லிப் பாக்கேன் பெரியம்மா" என்றான். அடுத்த வாரம் பெரியம்மா வந்து, "இப்பம் பரவால்ல, சீக்கிரம் தொறக்காவ, நீ சொன்னதுதான்" என்று அம்மாவிடம் ஒரு படி மொச்சை கொடுத்துவிட்டுப் போனாள்.

சென்னையில் அவன் நிஜமாக என்ன செய்தான் என்றும் சொல்ல வேண்டும். உட்கார்ந்திருந்தான். ஒரு அணியில் இரண்டு கீப்பர் இருப்பார்கள், ஒருவர் ஆடுவார். என் அண்ணன் மற்றவர். முதல் கீப்பருக்குக் காய்ச்சல் வந்தால்தான் இவனுக்கு வேலை. அந்த ஆளோ இரும்பு. முதல் வருடம் முழுக்க அவருக்கு ஒரு தும்மல்கூட இல்லை. "நான் அவருக்கு நல்லா இருக்கணும்னு வேண்டுதேன், ஆனா ரொம்ப நல்லா இருக்காண்டாம்னும் வேண்டுதேன்" என்று அண்ணன் போனில் சொல்வான். காலையும் மாலையும் பந்துக்குத் தாவித் தாவி, முழங்கையெல்லாம் தோல் உரிந்து, ஆட்டத்தன்று குளித்துத் தலைசீவி ஓரத்தில் உட்கார்ந்துகொள்ளும் உத்தியோகம். நம்மூரில் சில ஆபீசுகளில் சும்மா உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. ஆனால் அவர்கள் இதற்காகக் காலையில் தாவுவதில்லை.

இரண்டாவது வருடம் நாலைந்து ஆட்டம் கிடைத்தது. போனில் நேரலையாகப் பார்க்கலாம் என்று லிங்க் அனுப்பினான். நானும் அம்மாவும் போனைச் செம்பில் சாய்த்து வைத்துப் பார்த்தோம். கேமராக்காரனுக்குக் கீப்பர் மேல் அக்கறையே இல்லை. பந்து எங்கேயோ அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தான். கோல் விழுந்தால் மட்டும் உள்ளே போன பந்தையும் தரையில் கிடக்கும் கீப்பரையும் கிட்டத்தில் காட்டினான். ஆக, அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அவன் கோல் வாங்க வேண்டும். அம்மா இதைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். எதிரணி ஆள் பந்தைத் தள்ளிக்கொண்டு வந்தால் முன்னால் நகர்ந்து உட்காருவாள். பந்து உள்ளே போனதும், "காட்டுதான், காட்டுதான்! எய்யா, எளச்சுப் போயிட்டானட்டி!" என்பாள். அன்றைக்கு மூன்று முறை காட்டினார்கள். அம்மாவுக்கு மனசு நிறைந்துபோனது. ராத்திரி அண்ணன் போனில் குரல் செத்துப் பேசினான். "நல்லா இருந்துச்சுய்யா, மூணு தடவ பாத்தேன்" என்றாள் அம்மா.

கேரளாவிலும் சீசனுக்குப் போய் ஆடுவான். அந்த வீடியோக்களில் அறிவிப்பாளர் அவனை "தமிழ்நாட்டின்றெ கோளி" என்று கத்துவார். அங்கே கோல் கீப்பருக்கு அப்படிப் பேர். அம்மா என்னைப் பார்த்தாள். "ஏட்டி, எம்புள்ளைய ஏன் கோழிங்கான்?"

கல்யாணப் பேச்சு வந்தது. திருவேங்கடத்துப் பக்கமிருந்து ஒரு பெண் வீட்டார், பொண்ணு படித்தவள், மாப்பிள்ளை ரயில்வே என்று கேள்விப்பட்டு நேரில் வந்தார்கள். அண்ணன் காபி கொண்டுபோய்க் கொடுத்தான். பெண்ணின் அப்பா அவன் சுண்டு விரலைப் பார்த்தார். அந்த விரல் இரண்டு முறை ஒடிந்தது. வெளிப்பக்கமாக வளைந்து, மற்ற விரல்களோடு சண்டை போட்டுத் தனியாக நிற்கும்.

"என்ன மாப்ள, கேட் லீவர்ல மாட்டிக்கிட்டா?"

அம்மா கண்ணால் கெஞ்சினாள். அண்ணனுக்கு ஆட்டத்தில்கூடப் பொய்யாக விழுந்து காட்டத் தெரியாது.

"கேட் இல்ல மாமா. கோல். நான் கோல் கீப்பர்."

"கோலா? அது எந்த ஸ்டேஷன் பக்கம்?"

விளக்கினான். பொறுமையாக, பந்து, கம்பம், வலை எல்லாம் சொல்லி விளக்கினான். அவர் காபியை ஆற்றியபடி கேட்டார்.

"அப்பம் நீங்க எத்தன கோலு போட்டிருக்கிய?"

"நான் போட மாட்டேன் மாமா. அடுத்த ஆளு போடாம தடுப்பேன்."

"ஓ." அவர் டம்ளரை வைத்தார். "அடுத்தவன் பொழப்பக் கெடுக்குத வேல."

ஜாதகத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஆனால் ஊருக்குள் யாரிடமும் உண்மையைச் சொல்லவில்லை. ஒரு கேட் கீப்பரை வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்தோம் என்று சொல்லிக்கொள்வது அவர்களுக்கு அதைவிடக் கௌரவமாக இருந்திருக்கும்.

அண்ணன் அன்றைக்குச் சிரித்தான். அப்புறம் மாடியில் துணி எடுக்கப் போனபோது என்னிடம் கேட்டான். "ஏட்டி, நான் செய்யுதத நம்ம ஊர்ல ஒருத்தனுக்காவது சொல்லத் தெரியுமா? நீ சொல்லு, நான் யாரு?" நான் துணியை மடித்துக்கொண்டே, "கேட் கீப்பர்" என்றேன். கிண்டலுக்குத்தான் சொன்னேன். அவன் தலையில் குட்டினான். ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்கலாம்.

இந்தத் தை மாதம் பொங்கலுக்கு வந்திருந்தான். இரண்டு நாளில் கேரளாவுக்கு ஆடப் போக வேண்டும். எங்கள் பக்கம் கரிசலில் உளுந்து எடுத்ததும் செடியைக் கொண்டுவந்து தார்ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டி மிதித்து உளுந்து தானாக உதிரும். ரோட்டை அரசாங்கம் போட்டது, மிதிப்பது அடுத்தவன் டயர், உளுந்து மட்டும் நம்முடையது. நல்ல யோசனைதான். பைக்குக்கு மட்டும் அது சோப்புத் தண்ணீர். அண்ணன் பைக் அதில் வழுக்கியது. எதிரே லாரி வந்தது. அதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை. உளுந்து மறுநாளும் அங்கேயே காய்ந்துகொண்டிருந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

வீட்டில் கிடத்தியபோது கைகளைச் சேர்த்துக் கட்டினார்கள். சுண்டு விரல் மட்டும் விலகி நின்றது. ஒருவர் அதை அமுக்கி உள்ளே தள்ளப் பார்த்தார். "விடுங்க மாமா, அது அப்படித்தான் நிக்கும்" என்றேன். கூட்டத்தில் யாரோ ஒரு சொந்தக்காரர் பெருமூச்சு விட்டார். "அம்புட்டுப் பந்தப் பிடிச்சவனுக்கு ஒரு பிரேக்கப் பிடிக்கத் தெரியலயே." அவரை நான் மன்னிக்கவில்லை. ஆனால் ஒன்று கவனித்தேன். அன்றைக்கு அவன் பந்து பிடிக்கிறவன் என்று தெரிந்து பேசிய ஒரே ஆள் அவர்தான்.

மற்ற எல்லாருக்கும் பெரியப்பா ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார். பிறந்தநாள், காதுகுத்து, கட்சி மாநாடு எதுவானாலும் பெரியப்பாவுக்கு முதலில் ஃப்ளெக்ஸ், பிறகுதான் மற்றது. தெருமுனையில் ஆளுயரத்துக்குக் கண்ணீர் அஞ்சலி. படத்தில் அண்ணன் கோட்டும் டையும் போட்டிருந்தான். கோல் கம்பத்தின் முன் மஞ்சள் ஜெர்சியில் எடுத்த படத்தைத்தான் கொடுத்திருந்தோம். கடைக்காரர்கள் கழுத்துக்குக் கீழே வெட்டி, ஒரு கோட்டை ஒட்டிவிட்டார்கள். செத்தவர்களுக்கெல்லாம் எங்கள் ஊரில் அந்தக் கோட்டுதான், ஒரே கோட்டு. கீழே கொட்டை எழுத்தில்: ரயில்வே கேட் கீப்பர்.

மூன்றாம் நாள் அதைப் பார்த்துவிட்டு வந்து அம்மாவிடம் சண்டை போட்டேன். "பதினாறாம் நாளுக்குப் புதுசா வைப்பாவல்லா, அதுலயாவது கோல் கீப்பர்னு போடச் சொல்லும்மா. அவன் அதத்தானம்மா செஞ்சான்."

அம்மா சுவரில் சாய்ந்திருந்தாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

"இருக்கட்டும் விடு. செத்த பெறவாவது எம்புள்ளைக்கு ஒரு கவர்மெண்டு வேல இருக்கட்டும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த வாயோடு அழுதேன். ஆனால் விடவில்லை. பெரியப்பாவிடம் போனேன். "ஊரு பூராம் தெரிஞ்ச வேலய மாத்துனா எங்க மொகத்த எங்கன வைக்க?" என்றார். அப்பாவிடம் போனேன். அவர் காது கேட்காதது போல் இருந்தார், நிஜமாகவே கேட்கவில்லையோ என்னவோ. கடைசியில் நானே ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த அண்ணாச்சி காதில் போனை இடுக்கியபடி தாளை வாங்கினார். பக்கத்தில் ஏழெட்டுக் கல்யாணம் வரிசையில் நின்றது.

"கேட்ட எடுத்துருங்க அண்ணாச்சி. கோல் கீப்பர்னு போடுங்க. கோட்ட எடுத்துட்டு மஞ்சச் சட்டப் படத்தையே வையுங்க."

"சரி தாயி. எழுதியிருக்கிறபடியே வந்துரும். நீ போ."

பதினாறாம் நாள் காலை எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டி ஃப்ளெக்ஸைக் கட்டிவிட்டார்கள். நான் தண்ணீர் வாளியோடு வெளியே வந்தேன். மஞ்சள் ஜெர்சி அப்படியே இருந்தது, கையுறையும் இருந்தது. ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். பிறகு கீழே படித்தேன்.

கோவில் கீப்பர்.

போன் செய்தேன். அண்ணாச்சி குரலில் பெருமை வழிந்தது. "ஆமா தாயி, ஒரு எழுத்து விட்டிருந்த. இந்த ஊர்ல இருந்துக்கிட்டுக் கோவில்னு எழுதத் தெரியாம இருக்கலாமா? நானே திருத்திட்டேன். நன்றியெல்லாம் வேண்டாம்."

பெரியப்பா முகத்தில் அத்தனை நிம்மதி. "இது ரயில்வேய விட நல்லாத்தான் இருக்கு." துக்கத்துக்கு வந்தவர்கள் நின்று படித்தார்கள். ஒரு மாமா நெற்றியில் திருநீறு பளபளக்க, "ரயில்வேய விட்டுட்டுக் கோவில் சேவைக்கு வந்துட்டான் போல. அதான் மொகத்துல ஒரு களை" என்றார். "கையில உறை போட்டிருக்கான் பாரும், எம்புட்டு ஆசாரம்" என்றார் பக்கத்தில் இருந்தவர். அம்மா உள்ளே படைப்பதற்கு இலை போட்டுக்கொண்டிருந்தாள். சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நான் போய் வெங்காயம் உரித்தேன்.

பத்து மணிபோல் வாசலில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். தென்காசியில் இறங்கி பஸ் பிடித்து வந்த மலையாளிகள். அண்ணனோடு கேரளாவில் ஆடியவர்கள். ஒருவர் அவன் முன்னால் தடுப்பாட்டக்காரராக நின்றவராம். தாடி வைத்த பெரிய உருவம். ஃப்ளெக்ஸ் முன்னால் நின்று வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"மோளே, இதில் எந்தா எழுதியிருக்குன்னது?"

அவன் யார் என்று தெரிந்தவர்களுக்குத் தமிழ் தெரியவில்லை. தமிழ் தெரிந்தவர்களுக்கு அவன் யார் என்று தெரியவில்லை. நான் அண்ணாந்து பார்த்தேன்.

"கோல் கீப்பர்னு எழுதியிருக்கு" என்றேன்.

அவர் தலையாட்டினார். கையை உயர்த்தி எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தடவினார். கோ. வி. ல். அவர் விரல் 'வி'யில் நின்று கடந்தபோது எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பிறகு போனை எடுத்து, "குரூப்பில் இடாம். எல்லாரும் காணட்டே" என்று பின்னால் தள்ளி நின்று படம் எடுக்கப் பார்த்தார். அந்தக் குரூப்பில் தமிழ் படிக்கத் தெரிந்த ஒரு ஆளாவது இருப்பான்.

"சேட்டா, ஒரு நிமிஷம். எடுக்காதீங்க."

உள்ளே ஓடினேன். தையல் மெஷின் ஸ்டூலையும் அரை பிளேடையும் எடுத்து வந்தேன். ஸ்டூல் மேல் ஏறி, 'வி'யின் ஓரத்தில் பிளேடை இறக்கினேன். ஃப்ளெக்ஸ் 'சர்ர்' என்று கிழிந்தது. பந்தலில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

"ஏட்டி! கிறுக்குப் பிடிச்சிருச்சா? எறங்கு கீழ! புதுப் போர்டுட்டி!" பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டியபடி ஓடி வந்தார்.

"இது தப்பு பெரியப்பா. அவன் கோவில்லயும் இல்ல, கேட்லயும் இல்ல. இந்த ஒரு எழுத்து போனா சரியாயிரும்."

"சரியாவுதாம்! வந்தவுகளுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"நான் சொல்லுதேன். எல்லாருக்கும் நானே சொல்லுதேன்."

சத்தம் கேட்டு அம்மா வெளியே வந்தாள். கையில் இலைத் துணுக்கு ஒட்டியிருந்தது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. என்னைப் பார்த்தாள், தாடிக்காரரைப் பார்த்தாள், ஃப்ளெக்ஸில் மஞ்சள் சட்டையோடு நிற்கிற மகனைப் பார்த்தாள். பெரியப்பா என் காலைப் பிடித்து இழுக்கக் கையை நீட்டினார்.

"அத்தான், வெலகுங்க. ஸ்டூலு ஆடுது" என்றாள் அம்மா.

பெரியப்பா விலகினார். அம்மா குனிந்து ஸ்டூலின் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டாள். நான் மீதியை அறுத்தேன். 'வி' சுருண்டு கீழே விழுந்தது. அந்த இடத்தில் ஒரு கை போகும் அளவுக்கு ஓட்டை, ஓட்டை வழியே எங்கள் வீட்டுச் சுவர். இறங்கப் போனேன்.

"மேல ஒரு சுழி தொங்குது பாரு" என்றாள் அம்மா, கீழேயிருந்து. "அதையும் எடுத்துரு. எடுக்கதுன்னா முழுசா எடு."

எடுத்தேன். தாடிக்காரர் படம் எடுத்தார்.